நெக்கர் ஆற்றின் மேல்படி

பிற்பகல் மணி மூன்றே கால். ஹைடல்பர்க் நகரத்துச் சந்தைச் சதுக்கத்தில், பெரிய தேவாலயத்தின் கடிகாரத்தைப் பார்த்து நான்தான் சொன்னேன், "மூணே கால் ஆச்சு, எங்கேயாவது உக்காந்து ஒரு காப்பி குடிக்கலாம்" என்று. சொல்லிவிட்டுக் கீழே பார்த்தேன். என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நடந்துவந்த ஏழு வயது மகள் அங்கே இல்லை.

எழுபத்தைந்தாம் வருடம், செப்டம்பர் மாதத்து ஒரு சனிக்கிழமை அது. இதை எழுத உட்கார்ந்தபோது கூட, அடுத்த அறையில் அவள் குரல் கேட்கிறதா என்று ஒரு தடவை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

எங்கள் குடும்பம் பாலக்காட்டில் கல்பாத்தி. என் கணவருக்குக் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர் வேலை. அங்கே வந்திறங்கிய ஜெர்மன் இயந்திரங்களைப் பழகிக்கொண்டு வரும்படி அவரை ஒரு வருடப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். கடைசி ஆறு மாதம் மனைவியையும் குழந்தையையும் வரவழைத்துக்கொள்ளலாம் என்றார்கள். பாலக்காட்டை விட்டால் கோயம்புத்தூர், அதை விட்டால் குருவாயூர் என்று இருந்தவள் நான். ஒரு தகரப் பெட்டியில் பாதிக்கு மேல் கொண்டாட்டம் என்று நாங்கள் சொல்லும் வற்றலும் அப்பளமுமாக அடைத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

நாங்கள் இருந்த ஊர் வெறும் புகைபோக்கிகள். அதனால் விடுமுறை நாட்களில் அவர் கையில் ஒரு வழிகாட்டிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு எங்களை எங்கேயாவது அழைத்துப் போவார். ஹைடல்பர்க் ரயிலில் கொஞ்ச தூரம்தான். பழைய ஊர், மலைமேல் இடிந்த கோட்டை, கீழே நெக்கர் என்ற ஆறு, அதன்மேல் கல்பாலம். "இருக்கிறதுக்குள்ளே இதைப் பார்க்காமப் போனா ஜெர்மனிக்கு வந்ததுக்கே அர்த்தமில்லே" என்று அவர் சொல்லியிருந்தார்.

காலையில் முதலில் கோட்டைக்கு ஏறினோம். செக்கச் செவேலென்ற கல். பாதி விழுந்த கோபுரம் ஒன்றின் உள்பக்கம் அப்படியே தெரிந்தது, வெட்டிவைத்த பலாப்பழம் மாதிரி. நிலவறையில் ஒரு மரப்பீப்பாய் இருக்கிறது. வீடு உயரம். அதன் மேலே ஏறிப்போகப் படிக்கட்டு. என் மகள் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இது நெறையப் பாயசமா அம்மா?" என்றாள். அவர் என் காதருகில் வந்து, "ஒயினாக்கும்" என்றார். "கொழந்தைக்குப் பாயசமே இருக்கட்டும்" என்றேன். கோட்டைத் தோட்டத்தில் உட்கார்ந்து கொண்டுபோயிருந்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டோம். கோட்டுக்கு வெளியே தெரிந்த என் புடவைக் கொசுவத்தைப் பார்த்துக்கொண்டே போனவர்கள் எல்லாரும் சிரித்த முகமாகத் தலையசைத்தார்கள். நல்ல ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு இறங்கிப் பாலத்துக்கு வந்தோம். பாலத்தின் வாசலில் வெள்ளைக் கோபுரங்கள் இரண்டு. பக்கத்துச் சுவரில் கோடு கோடாக வெட்டி வருடம் எழுதியிருந்தது. எந்தெந்த வருடம் ஆற்று வெள்ளம் எதுவரை ஏறியது என்ற அடையாளமாம். சில கோடுகள் என் தலைக்கு மேலே இருந்தன. அவர் ஒவ்வொன்றாகப் படித்து விளக்கினார். நான் குழந்தையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பாலத்தின் நடுவில் நின்று பார்த்தபோது, நீளமான சரக்குப் படகு ஒன்று கீழே போயிற்று. அது போன பிறகும் தண்ணீர் கறுப்பாகச் சுழன்றுகொண்டிருந்தது.

அங்கேதான் என் மகள் அழ ஆரம்பித்தாள். எங்கள் விஸ்வநாதர் கோயில் ஐப்பசித் தேருக்கு ஊருக்குப் போக முடியாது என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்திருக்கிறது. கல்பாத்தியில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் தேர் என்றால் அப்படித்தான். நான் அவளைச் சமாதானப்படுத்தக் கைப்பிடிச் சுவருக்கு மேலே தூக்கிக் காட்டினேன். "அழாதே. இதோ பாரு, இதுவும் நம்ம ஆறுதான். அதோ, எறங்கறதுக்குப் படி கூட இருக்கு பாரு, நம்ம கோயில் படியாட்டம்" என்றேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு படியைப் பார்த்தாள். "மேல் படி ஒண்ணு ஒடைஞ்சிருக்கு" என்றாள். அத்தோடு அழுகை நின்றது. குழந்தையை ஏமாற்றிச் சிரிக்க வைத்துவிட்ட திருப்தியில் நான் அதை அப்போதே மறந்துவிட்டேன்.

சதுக்கத்துக்கு வந்தபோது அங்கே ஏதோ வாத்தியக் கோஷ்டி நுழைந்தது. பித்தளைக் குழல்களும் பெரிய முரசுமாக வர, கூட்டம் இரண்டாகப் பிளந்து ஒதுங்கிற்று. என் மகளின் கம்பளிக் காலுறை காலையிலிருந்தே வழுக்கி வழுக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அதை இழுத்துவிட்டுக்கொள்ள அவள் என் விரலை விட்டிருப்பாள். அவள் அப்பாவின் பக்கம் போயிருப்பாள் என்று நான் நினைத்தேன். என் பக்கம் இருப்பாள் என்று அவர் நினைத்தார். வாத்தியம் கடந்து போய், கூட்டம் மறுபடி ஒன்றாகி, நான் காப்பி என்று சொன்ன நேரத்தில் அவள் இல்லை.

முதலில் இரண்டு பேருமே சிரித்துக்கொண்டுதான் தேடினோம். தேவாலயத்துச் சுவரை ஒட்டிச் சின்னச் சின்னக் கடைகள் உண்டு. பொம்மைக் கடையில் இருப்பாள், மிட்டாய்க் கடையில் இருப்பாள் என்று பார்த்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "நீ இங்கேயே நில்லு, நகராதே" என்று சொல்லிவிட்டு அவர் கடைவீதியில் ஓடினார். நான் நின்ற இடத்தில் நின்றுகொண்டு அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கல்பாத்தியில் நான் அப்படிக் கூப்பிட்டால் நாலு வீட்டுக் கதவு திறக்கும். அங்கே ஜனங்கள் திரும்பிப் பார்த்துவிட்டு வழிவிட்டுப் போனார்கள். கடைக்காரப் பெண் ஒருத்தியிடம் கையைத் தாழ்த்தி இவ்வளவு உயரம் என்று காட்டினேன். அவள் பரிவோடு ஒரு பொம்மையை எடுத்து நீட்டினாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அவர் வியர்த்து வழியத் திரும்பி வந்தார். வீதியில் இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டே, "ஆத்துப் பக்கம் ஒரு தடவை பாத்துட்டு வரட்டுமா?" என்றார்.

"வேண்டாம்" என்றேன். "அங்கே போயிருக்க மாட்டா."

"இல்லே, ஒரு தடவை..."

"வேண்டாம்னு சொல்றேனோல்லியோ! அவளுக்கு ஜலத்தைக் கண்டா பேடியாக்கும். அங்கே போகமாட்டா."

அது பொய். அவள் பயப்படுகிற குழந்தை இல்லை. பயம் எனக்கு. ஆற்றின் பக்கம் பார்த்தால் அங்கே என்ன பார்க்க நேருமோ என்ற பயம். தெருக்கோடியில் பாலத்து வெள்ளைக் கோபுரங்கள் தெரிந்தன. நான் அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்றேன். அந்தக் கறுப்புத் தண்ணீரும் சுவர்க் கோடுகளும் கண்ணுக்குள்ளேயே இருந்தன. பார்க்காத வரைக்கும் எதுவும் நடக்கவில்லை என்று மனது பிடிவாதம் பிடித்தது. குழந்தை பெற்ற எவருக்கும் இது புரியும் என்று நினைக்கிறேன்.

ஒரு போலீஸ்காரர் வந்தார். என் கணவர் தமக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னார்: நீலக் கம்பளிக் கோட்டு, கீழே பட்டுப் பாவாடை, இரட்டைப் பின்னல். போலீஸ்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு எதையோ நீளமாகச் சொன்னார். எனக்கு அதில் புரிந்தது ஒரே ஒரு சொல்தான்: நெக்கர். தேவாலயத்துப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆற்றங்கரையிலும் தேடச் சொல்கிறேன் என்றாராம்; தகவல் சொல்லப் போலீஸ்காரர் போனார். கோட்டைத் தோட்டத்தில் தயிர்சாதம் சாப்பிட்ட இடத்துக்கே திரும்பப் போயிருக்கலாம் என்று இவர் மறுபடி மலையேறப் போனார். நான் தனியாக உட்கார்ந்து, "விஸ்வநாதா, விஸ்வநாதா" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். தூறல் வேறு ஆரம்பித்துவிட்டது.

"அக்கா, தமிழா?"

நிமிர்ந்து பார்த்தேன். முப்பது வயது இருக்கும். கிராப்பு மாதிரி வெட்டிய தலை, மழைக்கோட்டு, கையில் காய்கறிப் பை. முகம் மட்டும் நம் ஊர் முகம். நான் பதில் சொல்வதற்குள் அவள் பையைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

"ஐஸாட்டம் இருக்கு. என்னாச்சுக்கா? யாரைக் காணோம்?"

அழுகைக்கு நடுவில் சொன்னேன். அவள் இடுக்கிக்காரி. குமுளிக்குப் பக்கத்தில் ஆனைக்கரை. அப்பாவும் அம்மாவும் ஏலத்தோட்டத்தில் வேலை செய்தவர்களாம். கன்னியாஸ்திரீகள் நர்ஸ் படிக்க வைத்து, இங்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்தார்களாம். அதையெல்லாம் அவள் என் நடுக்கத்தை நிறுத்துவதற்காகத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

"பயப்படாதீக. இந்த ஊர்ல பூனை காணாமப் போனாலே பேப்பர்ல போடுவாங்க. பட்டுப் பாவாடை கட்டுன பிள்ளையவா விட்டுருவாங்க?" என்றாள். பிறகு, "எங்கெங்க தேடுனீக?" என்று கேட்டாள். நான் சொன்னேன். கடை, வீதி, கோட்டை.

"நாம தேடுறது சரிக்கா. அந்தப் பிள்ளை என்ன நெனைக்கும்னு பாக்கணும்ல?" என்றாள். "எங்க ஏலக்காட்டுக்குள்ள பூந்தா பகல்லயே இருட்டா இருக்கும். வழி தப்பிட்டா அங்கிட்டும் இங்கிட்டும் ஓடக்கூடாது, புகை வர்ற பக்கமா நடந்து, ஏலக்கா உலத்துற ஸ்டோர் வாசல்ல வந்து நின்னுக்கணும்னு எங்கம்மா சொல்லி வச்சிருந்துச்சு. யாரு கூப்பிட்டாலும் அங்கன இருந்து நகரக்கூடாது. ஒருவாட்டி நான் அப்படித்தான் நின்னேன். நீங்க ஊர்ல கூட்டத்துக்குள்ள கூட்டிட்டுப் போறப்ப பிள்ளைக்கு என்ன சொல்லி வைப்பீக?"

நான் படியிலிருந்து எழுந்துவிட்டேன்.

கல்பாத்தித் தேரன்று தெருவில் எள் போட்டால் விழாது. தேர்கள் ஒன்றுசேரும் இடத்தில் பெரியவர்களே ஒருவரை ஒருவர் தவறவிடுவார்கள். அதனால் எங்கள் வீட்டில் ஒவ்வொரு வருடமும் வாசலை விட்டு இறங்கும் முன் குழந்தையை நிறுத்திவைத்துச் சொல்வோம். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்வோம். "கை விட்டுப் போச்சுன்னா நேரே ஆத்தங்கரைப் படிக்கு வந்துடணும். மேல் படியிலேயே உக்காந்துக்கணும். ஜலத்துலே எறங்கப்படாது. நாங்க வர வரைக்கும் ஆரு விளிச்சாலும் போகப்படாது. ஆரு என்ன குடுத்தாலும் திங்கப்படாது."

எங்கள் ஆற்றில் அந்த நாளில் பாறைகளுக்கு நடுவே தண்ணீர் சலசலத்துக்கொண்டு ஓடும். கோயில் படியில் எப்போதும் தெரிந்தவர்கள் யாராவது இருப்பார்கள். ஊரிலேயே பத்திரமான இடம் அதுதான். எனக்கு அது வேறு, இது வேறு. குழந்தைக்கு அப்படியா? இதுவும் நம்ம ஆறுதான், படி கூட இருக்கு பார் என்று சற்று முன் பாலத்தில் தூக்கிக் காட்டியவளே நான்தானே?

"ஆறு" என்றேன். "ஆத்தங்கரைப் படி." அவ்வளவுதான் வாயில் வந்தது.

அவள் கேள்வி கேட்கவில்லை. காய்கறிப் பையை அங்கேயே போட்டுவிட்டு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். ஈரக் கல்லில் எனக்குக் கான்வாஸ் ஷூ வழுக்கிற்று. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். பாலத்து வாசலைக் கடந்து கரைக்கு வந்தால், இடையில் ஒரு சாலை, சர்சர்ரென்று கார்கள். இதைத் தாண்டியா போயிருப்பாள்? நர்ஸ் கையை நீட்டிக் கார்களை நிறுத்திவிட்டாள்.

சாலைக்கு அந்தப் பக்கம், ஆற்றுக்கு இறங்கும் கல்படிகள். உடைந்த மேல்படியில் ஒரு பெரிய கறுப்புக் குடை. குடைக்குக் கீழே இரண்டு முதுகுகள். ஒன்று பெரியது, சாம்பல் நிறக் கோட்டு. இன்னொன்று சின்னது, நீலக் கோட்டு, இரட்டைப் பின்னல்.

நான் எப்படிப் படிக்கு வந்தேன் என்று தெரியாது. குழந்தையை அள்ளிக் கட்டிக்கொண்டபோது அவள் திமிறிக்கொண்டு கேட்டாள்: "ஏம்மா இத்தனை நேரம்? படிக்கு வரணும்னு நீதானே சொன்னே? நான் அப்பவே வந்துட்டேன்."

அவள் மடியில் ஒரு காகிதத்தின்மேல் பிளம்ஸ் பழம் வைத்த கேக் துண்டு, ஓரம் கூடக் கடிபடாமல் இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து, "மாமி குடுத்தா. வாங்கி வெச்சுண்டேன், திங்கலை" என்றாள். இடது கை இன்னும் பக்கத்திலிருந்த இரும்பு வளையத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. படகு கட்டுகிற வளையம். விரல்களில் துருவின் கறை.

அந்த மாமிக்கு என் வயதுதான் இருக்கும். தலையில் முக்காடாகக் கட்டிய துணி, பக்கத்தில் கீரைத்தண்டு நீட்டிக்கொண்டிருந்த பை. தூறலில் நனைந்த கல்லின்மேல் நல்ல கோட்டோடு உட்கார்ந்திருந்தாள். நாங்கள் வந்ததும் எழுந்துகொள்ளவில்லை. குடையை மட்டும் எங்கள் பக்கம் நகர்த்திப் பிடித்தாள். நர்ஸ் அவளிடம் பேசிவிட்டு என்னிடம் திரும்பினாள்.

"முதல்ல ரெண்டு மூணு பேரு வந்து தூக்கிட்டுப் போகப் பாத்தாங்களாம்க்கா. ஆத்தோரத்துல ஒத்தைப் பிள்ளையாச்சேன்னு. பிள்ளை வளையத்தைப் புடிச்சிக்கிட்டு ஊரைக் கூட்டிருக்கா. இவங்க வந்து எல்லாத்தையும் சத்தம் போட்டு விரட்டி விட்டாங்களாம். போலீஸுக்குச் சொல்லுங்கன்னு ஒருத்தரை அனுப்பிட்டு, இப்படியே பக்கத்துல உக்காந்துட்டாங்க."

"ஏன் தூக்க வேண்டாம்னு சொன்னா?"

நர்ஸ் கேட்டாள். அந்த மாமி யோசித்து யோசித்துச் சொன்னாள். அதை நர்ஸ் அப்படியே சொன்னாள். "பிள்ளை அழலையாம்க்கா. தொலைஞ்ச பிள்ளைன்னா அங்கிட்டும் இங்கிட்டும் பாக்கும், இவ அந்தத் தெருமுனையையே பாத்துக்கிட்டு இருந்தாளாம். யாரோ இங்க வரச் சொல்லியிருக்காங்க, வருவாங்கன்னு நம்பி உக்காந்திருக்குது, நாம தூக்கிட்டுப் போயிட்டா வர்றவங்க வந்து ஏமாந்து போவாங்கள்லன்னு தோணுச்சாம்."

நான் அந்த மாமியின் பக்கம் திரும்பினேன். கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் சங்கடப்பட்டுக்கொண்டு என் மகளின் காலுறையைக் குனிந்து சரியாக இழுத்துவிட்டாள். பிறகு கேக்கைச் சுட்டி என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்த பிறகுதான் என் மகள் அதை வாயில் வைத்தாள். அவள் தின்ற வேகத்தைப் பார்த்து அந்த மாமி முதல் தடவையாகச் சிரித்தாள்.

குழந்தை கிடைத்துவிட்டாள் என்று மலையேறிப் போனவருக்கு யார் சொல்வது? நர்ஸ் ஓடிப்போய்ப் போலீஸ்காரரைப் பார்த்துச் சொல்லி, கோட்டைக்கு ஆள் அனுப்பிவிட்டு, போட்டுவிட்டு வந்த காய்கறிப் பையையும் எடுத்துக்கொண்டு வந்தாள். "உங்களுக்கு வேலைக்கு நேரமாகலையா?" என்று கேட்டேன். "ராத்திரி டூட்டிதான்க்கா. சார் வர்ற வரைக்கும் இருக்கேன்" என்றவள், கொஞ்சம் தயங்கி, "ஏதாச்சும் பேசிக்கிட்டு இருங்க. நம்ம பேச்சைக் கேட்டு மாசக் கணக்காச்சு" என்றாள். நான் என்ன பேசினேன் என்று நினைவில்லை. தேரைப் பற்றியும், அப்பளம் இங்கே மழையில் நமுத்துப்போவதைப் பற்றியும் என்னவோ உளறினேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். எங்கள் பேச்சில் ஒரு வார்த்தையும் புரியாத அந்த மாமியும் எழுந்து போகாமல் குடையைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். அப்படி நாங்கள் நால்வரும் ஒரே படியில், பேர் கூடக் கேட்டுக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தோம்.

கடைசியில் அவர் வந்தார். மலையிலிருந்து ஓடியே வந்திருக்கிறார். தொப்பி இல்லை, கோட்டுப் பொத்தான் எல்லாம் திறந்து கிடந்தது. சாலையின் அந்தப் பக்கமே ஒரு நிமிடம் அசையாமல் நின்றுவிட்டார். ஆற்றங்கரைக்குப் போகட்டுமா என்று கேட்டவர் அவர், வேண்டாம் என்று தடுத்தவள் நான். அதை அவர் கேட்பார் என்று காத்திருந்தேன். ஆனால் அவர் என் பக்கமே திரும்பவில்லை. படியில் எங்களோடு உட்கார்ந்து, கேக் ஒட்டியிருந்த அவள் கையை எடுத்துத் தன் முகத்தில் வைத்துக்கொண்டார்.

"சமத்து" என்றார். "நாங்க சொன்ன எடத்துலேயே நீ இருந்தே. நாங்கதான் வழி தெரியாமச் சுத்திண்டிருந்தோம்."

குழந்தைகளுக்கு வழி சொல்லிக்கொடுத்துவிட்டதாக நினைத்து நிம்மதியாக இருந்துவிடுகிறோம், அந்த வழியில் அவர்கள் நமக்கு முன்னால் போய் உட்கார்ந்து காத்திருப்பார்கள் என்பதை மறந்துவிடுகிறோம். அன்றைக்கு நான் அங்கே போய்ச் சேரும் வரை என் குழந்தைக்குக் குடை பிடித்தவளையும், என் கையைப் பிடித்து அங்கே கொண்டுசேர்த்தவளையும் நினைக்காமல் இன்றுவரை என்னால் எந்த ஆற்றங்கரைப் படியிலும் இறங்க முடிந்ததில்லை.